நாற்பதுக்கு ஒன்று குறைவு

தேஜோ ஆற்றின் தென்கரையில், பரெய்ரோவில்,
நான்காம் மாடி அடுக்களையில் உட்கார்ந்து
படகுகளின் நேரத்தை எழுதுகிறேன்.
சம்பளத்துக்குத்தான்.
மேசையில் மடிக்கணினி, வெங்காயத் தோல்,
மகன் விட்டுப்போன ஒற்றைக் காலுறை.

முன்பு வாரம் தட்டையாக இருந்தது.
திங்களும் வியாழனும் ஒரே எடை.
காலை ஏழரைப் படகில்
நிற்க இடம் பிடித்தவன் அதிர்ஷ்டசாலி.
யார் குடையோ யார் விலாவையோ குத்தும்,
மன்னிப்புக் கேட்கக்கூடத் திரும்ப முடியாது.

இப்போது வாரத்துக்குத் திமில் முளைத்திருக்கிறது.
செவ்வாய் புதன் வியாழன் மேடு.
திங்கள் சரிவு.
வெள்ளி, ஒட்டகத்தின் வால்.
லிஸ்பனின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் போக வேண்டியவர்கள்
இஸ்திரிச் சட்டைக்குக் கீழே பைஜாமாவோடு
கம்பி வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.
நானும்தான். குறை சொல்ல எனக்கு வாயில்லை.
செவ்வாய்க்கிழமை நின்றுகொண்டே வருகிறவர்கள்
எங்களைத் திட்டிக் கடிதம் போடுகிறார்கள்.
வெள்ளியின் காலி இருக்கையைச்
செவ்வாய்க்குத் தூக்கிப்போக
எந்தத் துறைமுகத்திலும் கூலியாள் இல்லை.

திரையில் ஒவ்வொரு படகும் ஒரு கட்டம்.
நாற்பது பேருக்குக் குறைந்தால் கட்டம் சிவக்கும்.
வெள்ளி 5:40, சராசரி முப்பத்தொன்று.
அந்த முப்பத்தொருவர் யாரென்று திரை சொல்லாது.
எண்ணெய் விலை, மாலுமிச் சம்பளம், வால்டெமாரின் மின்னஞ்சல்:
‘உன் முடிவுக்கு விடுகிறேன், இன்றைக்குள்.’
ஒரு விசை.
ஒரு முழுப் படகு போனது,
தண்ணீரில் வளையம்கூட எழவில்லை.
எங்கோ முப்பத்தொரு கைபேசிகள்
ஒரு முறை அதிர்ந்து அடங்கியிருக்கும்.
அடுப்பில் சூப் பொங்கியது, ஓடினேன்.

எனக்கு மேல்வீட்டில் தியோலிந்தா.
கேப் வெர்டேயிலிருந்து வந்து இருபது வருடம்.
முகத்தைவிட அவள் காலைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.
தினமும் 4:50க்குச் செருப்பு இழுபடும்,
குழாய் இருமும்,
நான் புரண்டு படுப்பேன்.
அவ்வளவுதான் எங்கள் பழக்கம்.

புது அட்டவணை வந்த வாரம்
வெள்ளிக்கிழமை, குழாய் 4:20க்கு இருமியது.
கனவென்று நினைத்தேன்.
அடுத்த வெள்ளியும் 4:20.
கண்ணைத் திறந்தபடி கிடந்தேன்.
என் கையெழுத்து
என் தலைக்கு மேலே நடந்துகொண்டிருந்தது.

லிஃப்ட்டில் பார்த்தேன். நானாகக் கேட்கவில்லை.
“யாரோ படகை எடுத்துட்டாங்க” என்றாள்,
மழை பெய்யுது என்பதைப்போல.
“5:10க்கே போய், கதவு திறக்கிற வரைக்கும் வாசப்படியில நிக்கிறேன்.
வெள்ளிக்கிழமை அங்க ஒருத்தரும் வர்றதில்ல, தெரியுமா?
இருநூறு மேசை. ஒரு காபிக் கறை கிடையாது.
ஆனாலும் தொடைக்கணும்.
தூசி மட்டும் தெனமும் ஆபீஸ் வருது.”
சிரித்தாள். நானும் சிரித்தேன்.
நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
‘கணினி’ என்று சொல்லியிருப்பேன்.

அழித்த கட்டத்தைத் திரும்பக் கொண்டுவர
மூன்று கையொப்பம், ஒரு கூட்டம், அடுத்த காலாண்டு.
அழிக்க ஒரு விரல் போதுமாயிருந்தது.

அடுத்துச் சிவந்திருப்பது
வெள்ளி 9:05, லிஸ்பனிலிருந்து.
விடியற்காலை வேலை முடித்தவர்கள் வீடு திரும்பும் படகு.
சராசரி முப்பத்தொன்பது.

ஆகவே இப்போது வெள்ளிதோறும்
எட்டரைக்கு அக்கரை போகிறேன்,
இறங்கி, சுற்றிவந்து, மறுபடி அட்டையைத் தட்டுகிறேன்.
கதவு என்னை உள்ளே விட்டு
கணக்கில் ஒன்று கூட்டிக்கொள்கிறது.
ஜன்னலில் தலை சாய்த்துத் தியோலிந்தா தூங்குகிறாள்.
மடியில் பை, பைக்கு வெளியே
ரப்பர் கையுறையின் ஒரு மஞ்சள் விரல்.
மூன்று வரிசை தள்ளி மடிக்கணினியைத் திறக்கிறேன்.
பின்னணிக்குப் புத்தக அலமாரிப் படம்.
ஒன்பதே காலுக்குக் கூட்டம்.

“என்ன அங்கே இரைச்சல்?” என்கிறார் வால்டெமார்.
“துணி துவைக்கிற இயந்திரம்” என்கிறேன்.
அலமாரி அசையவில்லை.
நான்தான் ஆடுகிறேன்.